கோச்சை எடைபோடறதுக்கு முன்னாடி: ஐஸ் ஹாக்கி நம்பர்களை எந்த வரிசையில பாக்கணும்? முழு வழிகாட்டி

என்எச்எல்ங்கற வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கைப் பாக்க ஆரம்பிச்சு ரெண்டு மூணு சீசன் ஆனவங்க, அதுலயும் டொராண்டோ பக்கம் இருந்து அந்த ஊர் டீமான லீஃப்ஸோட மேட்ச் பாக்கற நம்ம ஆளுங்க, டீம் நாலு மேட்ச் தோத்தா உடனே கேக்கறது "இந்த கோச்சை ஏன் இன்னும் வச்சிருக்காங்க"ன்னுதான். கேள்வி நியாயமானதுதான், ஆனா பதில் தேடறப்ப நேரா கோச்கிட்ட போயிடறாங்க. கோச் கடைசியா வரணும். முதல்ல டீம் எப்படி ஆடுதுன்னு பாக்கணும், அப்புறம் அதிர்ஷ்டத்தைக் கழிக்கணும், கோலியை (கோல்கீப்பரை) கழிக்கணும், ஆளுங்க மாறினதைக் கழிக்கணும், இவ்வளவுக்கும் அப்புறம் என்ன மிச்சம் இருக்கோ அதுதான் கோச் கணக்கு. இந்த வரிசை மாறினா நம்பர் எல்லாம் கரெக்டா இருந்தாலும் முடிவு தப்பா வரும்.

1. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி என்னெல்லாம் வேணும்

ஒரு எக்ஸெல் ஷீட் இல்லன்னா கூகுள் ஷீட். அப்புறம் ஹாக்கி நம்பர் குடுக்கற ரெண்டு சைட்: நேச்சுரல் ஸ்டாட் ட்ரிக், மணிபக். முதல்ல சொன்னதுல 2007-08 சீசன்லேர்ந்து டேட்டா இருக்கு, தேதி வாரியா வெட்டி எடுக்கலாம், நமக்கு ரொம்ப தேவைப்படறது அந்த வசதிதான். மணிபக்ல ஃபைலாவே டவுன்லோட் பண்ணிக்கலாம்.

குறைஞ்சது 20, 25 மேட்ச் முடிஞ்சிருக்கணும். அக்டோபர்ல சீசன் ஆரம்பிச்சு பத்து மேட்ச்ல தீர்ப்பு எழுதறவங்க நிறைய பேர் இருக்காங்க, அப்படி எழுதினா அந்தப் பத்து மேட்ச்ல எந்தெந்த டீமோட ஆடினாங்கங்கறதைத்தான் எழுதியிருப்பீங்க.

பாயின்ட்ஸ் டேபிளை இப்போதைக்கு மூடி வைங்க. ஓவர்டைம்லயோ ஷூட்அவுட்லயோ தோத்தாலும் 1 பாயின்ட் குடுக்கறாங்க, ஓவர்டைம் 2015-16லேர்ந்து 3க்கு 3 (கோலி தவிர பக்கத்துக்கு மூணு பேர்), ஷூட்அவுட் (ஒவ்வொருத்தரா வந்து கோலிக்கு எதிரா அடிக்கறது) 2005-06லேர்ந்து இருக்கு, இந்த ரெண்டும் சாதாரண ஆட்டத்தோட குணமே இல்லாத வேற விளையாட்டு. அதுல வந்த பாயின்ட்டை வச்சு டீமோட தரத்தைச் சொல்ல முடியாது.

2. 5க்கு 5 ஆட்டத்தை மட்டும் பிரிச்சு எடுங்க

சைட்ல போனதும் "சிச்சுவேஷன்"னு ஒரு ஃபில்டர் இருக்கும், அதுல 5க்கு 5 (கோலி தவிர பக்கத்துக்கு அஞ்சு பேர்) வைங்க. எல்லா சூழ்நிலையையும் சேர்த்துப் பாத்தா, பெனால்டி அதிகமா வாங்கற டீம் மோசமா ஆடற மாதிரியும், பவர் ப்ளே (எதிரணி ஆள் பெனால்டியில வெளிய இருக்கறப்ப ஒரு ஆள் கூடுதலா ஆடறது) நிறைய கிடைச்ச டீம் பிரமாதமா ஆடற மாதிரியும் தெரியும். ஆட்டத்துல பெரும்பங்கு நேரம் 5க்கு 5தான், அதனால அடித்தளம் அங்க இருக்கணும். பவர் ப்ளேயை அப்புறம் தனியா பாக்கப்போறோம்.

கூடவே "ரேட்"ங்கற ஆப்ஷனை எடுத்துக்கோங்க, அதாவது 60 நிமிஷத்துக்கு எவ்வளவுன்னு. மொத்த எண்ணிக்கையை வச்சுப் பாத்தா, ஒரு டீம் 30 மேட்ச் ஆடியிருக்கும், இன்னொன்னு 27 ஆடியிருக்கும், ஒப்பிடறதுல அர்த்தமே இருக்காது.

3. ஷாட் பங்கு: கோர்சி, ஃபென்விக்

கோர்சிங்கறது ரொம்ப எளிமையான விஷயம். கோலை நோக்கி அடிச்ச எல்லா முயற்சியும் எண்ணணும்: கோலி தடுத்தது, உள்ள போனது, வெளிய போனது, எதிரணி ஆள் குறுக்க விழுந்து தடுத்தது. பஃபலோ சேபர்ஸ்ல கோலி கோச்சா இருந்த ஜிம் கோர்சி பேர்ல வந்தது. ஃபென்விக் அதே கணக்குதான், ஆனா குறுக்க விழுந்து தடுத்ததை விட்டுடுவாங்க.

ஒரு மேட்ச்ல நம்ம டீம் 58 முயற்சி, எதிரணி 46ன்னு வைங்க. மொத்தம் 104, அதுல 58ன்னா 55.8%. ஷீட்ல சிஎஃப்%னு இருக்கறது இதுதான். சீசன் முழுக்க பாத்தா பெரும்பாலான டீம் 45க்கும் 55க்கும் நடுவுலதான் இருக்கும். 52ன்னா நல்லாவே ஆடறாங்க, 47ன்னா பக் (ஆடற ரப்பர் வட்டு) பெரும்பாலும் அவங்க கோல் பக்கமே சுத்திக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

கோல் இருக்கறப்ப ஏன் ஷாட்டை எண்ணணும்னு கேப்பாங்க. ஒரு மேட்ச்ல 5க்கு 5ல நாலஞ்சு கோல் விழுந்தாலே பெருசு, ஆனா ஷாட் முயற்சி நூறு பக்கம் வரும். எண்ணிக்கை அதிகமா இருக்கறதால டீமோட உண்மையான குணம் சீக்கிரம் வெளிய தெரியும், அடுத்த 20 மேட்ச் எப்படி போகும்னு சொல்றதுக்கு இதுவரைக்கும் போட்ட கோலைவிட ஷாட் பங்கு நல்லா உதவுது.

4. ஸ்கோரைச் சரிக்கட்டுங்க

இந்தப் படியைத்தான் அதிகமா விட்டுடறாங்க. முன்னாடி இருக்கற டீம் பின்வாங்கி தடுத்து ஆடும், பின்னாடி இருக்கற டீம் கண்டமேனிக்கு ஷாட் அடிக்கும். 2 கோல் முன்னாடி இருக்கற டீமோட ஷாட் பங்கு 50%க்கு நல்லா கீழ இறங்கறது லீக் முழுக்க சாதாரணம். அதனால எப்பவும் தோத்துக்கிட்டே இருக்கற ஒரு டீம், சரிக்கட்டாத பச்சை நம்பர்ல பாத்தா அமோகமா ஆடற மாதிரி தெரியும்.

அதுக்குத்தான் "ஸ்கோர் அண்ட் வென்யூ அட்ஜஸ்டட்"னு ஒரு ஃபில்டர் இருக்கு. அதைப் போட்டுட்டா ஸ்கோரும், சொந்த மைதானமா வெளி மைதானமாங்கறதும் சரிக்கட்டிதான் நம்பர் வரும். இந்த நம்பரையே ஷீட்ல எழுதுங்க, பச்சை நம்பரைப் பக்கத்துல வச்சுக்கோங்க, ரெண்டுக்கும் நடுவுல பெரிய வித்தியாசம் இருந்தா அந்த டீம் அதிக நேரம் முன்னாடியோ பின்னாடியோ இருந்திருக்குன்னு புரிஞ்சுடும்.

5. எக்ஸ்ஜி: ஷாட்டோட தரம்

கோலுக்கு ரொம்ப தூரத்துல இருக்கற நீலக்கோட்டுகிட்டேர்ந்து அடிக்கற ஷாட்டும், கோலி முன்னாடி அஞ்சடி தூரத்துல ரீபவுண்டை (பட்டுத் திரும்பி வர்ற பக்கை) தட்டறதும் கோர்சியில ஒண்ணுதான். எக்ஸ்ஜிங்கற எதிர்பார்க்கப்படும் கோல் இதைச் சரிபண்ணுது. தூரம், கோணம், ஷாட் வகை, ரீபவுண்டா, வேகமா ஓடி வந்து அடிச்சதா, முந்தின சம்பவத்துக்கு அப்புறம் எத்தனை செகண்ட்னு இதையெல்லாம் வச்சு ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு வாய்ப்பு எண் குடுப்பாங்க. தூரத்து ஷாட்டுக்கு 0.02, 0.03 மாதிரி வரும், கோலி முன்னாடி அடிச்சா 0.2 மாதிரி வரும்.

கோர்சியையும் எக்ஸ்ஜியையும் பக்கம் பக்கமா வைங்க. கோர்சி 54, எக்ஸ்ஜி 50ன்னு இருந்தா டீம் நிறைய அடிக்குது ஆனா தூரத்துலேர்ந்து அடிக்குது. கோர்சி 48, எக்ஸ்ஜி 52ன்னா கம்மியா அடிச்சாலும் நல்ல இடத்துலேர்ந்து அடிக்குது, தன்னோட கோலி முன்னாடி இடத்தையும் காக்குது. கோச்சோட திட்டம்னு ஏதாவது நம்பர்ல தெரியுதுன்னா முதல்ல தெரியறது இந்த இடைவெளியிலதான், அதனால இதைக் குறிச்சு வைங்க, 10-வது படியில தேவைப்படும்.

ஒரு எச்சரிக்கை: பொதுவுல கிடைக்கற எக்ஸ்ஜியில ஷாட்டுக்கு முந்தின பாஸ் கிடையாது. குறுக்கால ஒரு பாஸ் போய் கோலி இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் சறுக்கி வர்றதுக்குள்ள அடிச்ச ஷாட்டையும், கோலி தயாரா நின்னு பாத்துக்கிட்டு இருக்கறப்ப அதே இடத்துலேர்ந்து அடிச்ச ஷாட்டையும் ஒரே மாதிரிதான் மதிப்பு போடும். அழகா பாஸ் பண்ணி ஆடற டீமுக்கு அதனால கொஞ்சம் அநியாயம் நடக்கும். ஒவ்வொரு சைட்டோட மாடலும் வேற வேற, அதனால ஒரு சைட்லேர்ந்து எடுத்த எக்ஸ்ஜியை இன்னொரு சைட் நம்பரோட கலக்காதீங்க.

6. பிடிஓ: அதிர்ஷ்டத்தை அளக்கறது

டீம் கோலை நோக்கி அடிச்ச ஷாட்ல எத்தனை சதவீதம் உள்ள போச்சு, அவங்க கோலி எத்தனை சதவீதம் தடுத்தாரு, ரெண்டையும் கூட்டினா பிடிஓ. 5க்கு 5ல சராசரியா 8ம் 92ம், ஆக 100. ஒருத்தரோட கோல் இன்னொருத்தருக்குத் தடுக்காத ஷாட்டுங்கறதால லீக் மொத்தத்துக்கும் எப்பவும் 100தான் வரும்.

இது எவ்வளவு பெரிய விஷயம்னு ஒரு கணக்கு போடுங்க. 20 மேட்ச்ல 5க்கு 5ல சுமாரா 500 ஷாட் கோலை நோக்கிப் போகுதுன்னு வைங்க. 8%ன்னா 40 கோல். அதே டீம், அதே ஷாட், 10% போச்சுன்னா 50 கோல், 6% போச்சுன்னா 30. 20 கோல் வித்தியாசம், ஹாக்கியில சுமாரா 6 கோல் ஒரு வெற்றிக்குச் சமம், ஆக மூணு வெற்றிக்கு மேல இங்கயே போகுது. அந்த மூணு வெற்றிக்காக ஒரு கோச்சுக்கு வேலை போயிருக்கும், இன்னொருத்தருக்கு விருது கிடைச்சிருக்கும்.

2013-14 கொலராடோ அவலான்ச் இதுக்கு சரியான பாடம். பேட்ரிக் ருவா கோச்சா வந்த முதல் சீசன், 52-22-8 (வெற்றி, தோல்வி, ஓவர்டைம் அல்லது ஷூட்அவுட் தோல்வின்னு படிக்கணும்), 112 பாயின்ட், சென்ட்ரல் டிவிஷன்ல முதலிடம், சிறந்த கோச்சுக்கான ஜாக் ஆடம்ஸ் விருதும் அவருக்குத்தான். ஆனா 5க்கு 5ல அவங்க ஷாட் பங்கு 47% பக்கம்தான் இருந்துச்சு. கோலி செம்யோன் வார்லமோவ் 0.927 (அதாவது வந்த ஷாட்ல 92.7%) தடுத்தாரு, முன்வரிசை அடிச்சதெல்லாம் உள்ள போச்சு. சீசனுக்கு அப்புறம் வர்ற பிளேஆஃப்ல முதல் ரவுண்டுலயே மினசோட்டாகிட்ட ஏழு மேட்ச்ல தோத்தாங்க, அடுத்த சீசன் 90 பாயின்ட், பிளேஆஃப்க்கே போகல. நம்பர் பாத்தவங்க இதை முன்னாடியே சொல்லிக்கிட்டு இருந்தாங்க.

இங்க எதிர்ப்பக்கத்துத் தப்பும் நடக்கும். பிடிஓ 100க்கு மேல இருந்தா அத்தனையும் அதிர்ஷ்டம்னு சொல்லிடக்கூடாது. நல்ல கோலி இருக்கற டீமும், குறி தவறாம அடிக்கற ஆளுங்க இருக்கற டீமும் வருஷக்கணக்கா 101 பக்கம் நிக்கும். 103, 104ன்னு இருந்தாதான் இது நிலைக்காதுன்னு தைரியமா சொல்லலாம். அந்த ஆளுங்களோட முந்தின ரெண்டு மூணு சீசன் சதவீதத்தைப் பாருங்க, அதுக்கு மேல இருக்கற பகுதியை மட்டும் கழிங்க.

7. கோலியைத் தனியா எடுங்க

ஒரு ஆளால மொத்த சீசனையும் திருப்ப முடியற இடம் அதுதான். எதிரணியோட எக்ஸ்ஜி மொத்தம் 120, உள்ள போனது 108ன்னா கோலி 12 கோல் காப்பாத்தியிருக்காரு, சுமாரா ரெண்டு வெற்றி, 4 பாயின்ட். இந்த நம்பர் மணிபக்ல கோலி வாரியா கிடைக்கும்.

வெறும் தடுத்த சதவீதத்தை வச்சு கோலியை எடைபோட்டா, தடுப்பு மோசமா இருக்கற டீமோட கோலிக்கு அநியாயம் நடக்கும். எந்த மாதிரி ஷாட் வந்துச்சுங்கறதைச் சேர்த்துதான் பாக்கணும். முதல் கோலி, ரெண்டாவது கோலின்னு தனித்தனியா ரெண்டு வரி போடுங்க, ரெண்டு பேருக்கும் ஒரே தடுப்புதான் முன்னாடி நிக்குதுங்கறதால ஒப்பிடறது சுலபம்.

8. பவர் ப்ளே, பெனால்டி கில்

இதை சீக்கிரம் முடிச்சிடலாம். மேட்ச்சுக்கு 3 பவர் ப்ளேன்னு வச்சா 20 மேட்ச்ல 60. 12 கோல் போட்டா 20%, அது சராசரி. 15 போட்டா 25%, லீக்ல முன்வரிசை. 9 போட்டா 15%, கடைசி வரிசை. மூணு கோல்ல டீம் மேலயும் கீழயும் போயிடுது. அதனால சதவீதத்தை விட்டுட்டு, பவர் ப்ளேல 60 நிமிஷத்துக்கு எவ்வளவு எக்ஸ்ஜி உருவாக்கறாங்க, பெனால்டி கில்ல (நம்ம ஆள் பெனால்டியில இருக்கறப்ப ஒரு ஆள் குறைவா தடுத்து ஆடறது) எவ்வளவு விட்டுக்குடுக்கறாங்கன்னு பாருங்க. நல்ல வாய்ப்பு உருவாகிக்கிட்டே இருந்தா கோல் பின்னாலயே வரும். உதவி கோச்சை மாத்தணும்னு கத்தறதுக்கு முன்னாடி இதைப் பாத்தா போதும்.

9. ஆளுங்களும் அட்டவணையும்

கோச் கைக்கு என்ன குடுத்தாங்கங்கறதை எழுதாம கோச்சைப் பத்தி எழுதக்கூடாது. ஷீட்ல ஒரு பத்தி ஒதுக்கி இதெல்லாம் குறிங்க: யாருக்கு எத்தனை மேட்ச் காயம், யாரை எந்தத் தேதியில வித்தாங்க, யார் வந்தாங்க, அடுத்தடுத்த நாள் மேட்ச் எத்தனை, வெளியூர் எத்தனை.

தேதி முக்கியம். அந்தத் தேதியில டேட்டாவை வெட்டி முன்ன பின்ன பாத்தாதான் ஆள் போனதால விழுந்துச்சா திட்டத்தால விழுந்துச்சான்னு தெரியும். முதல் ரெண்டு டிஃபென்ஸ்மேன்ல ஒருத்தர் ஒரு மாசம் இல்லன்னா எக்ஸ்ஜி பங்கு இறங்காம இருந்தாதான் ஆச்சரியம்.

10. இப்பதான் கோச்

கோச் மாறின டீமை எடுத்துக்கிட்டா கத்துக்கறது சுலபம், ஏன்னா ஆளுங்க கிட்டத்தட்ட அதே ஆளுங்க. ஆனா "முன்னாடி கோச், புது கோச்"னு ரெண்டா மட்டும் வெட்டினா ஏமாந்துடுவீங்க. 2018-19 செயின்ட் லூயிஸ் ப்ளூஸை எடுங்க.

மைக் யோவை நவம்பர்ல 7-9-3ல நீக்கினாங்க, கிரெய்க் பெரூபே வந்தாரு. சீசன் முடிவுல 45-28-9, 99 பாயின்ட், அப்புறம் பைனல்ல பாஸ்டனை ஏழாவது மேட்ச்ல ஜெயிச்சு லீக் கோப்பையான ஸ்டான்லி கப். ரெண்டா வெட்டினா பெரூபே 38-19-6, கோச் மாத்தினதுதான் எல்லாத்துக்கும் காரணம்னு தோணும்.

மூணா வெட்டுங்க. ஜனவரி முதல் வாரத்துல அந்த டீம் 15-18-4, லீக்லயே கடைசி இடம். அப்படின்னா பெரூபேவோட முதல் 18 மேட்ச் 8-9-1, அடுத்த 45 மேட்ச் 30-10-5. கோச் அதே ஆள்தான். நடுவுல என்ன நடந்துச்சுன்னா, ஜனவரி 7-ம் தேதி ஜோர்டன் பினிங்டன்ங்கற கோலி முதல்முறையா ஆரம்பத்துலேர்ந்து ஆடறாரு, ஷட்அவுட் பண்றாரு (ஒரு கோல் கூட விடல), சீசன் முடிய 24-5-1, 0.927. அந்த சீசன்ல டீமோட இன்னொரு கோலி ஜேக் ஆலன் 0.905.

அப்போ பெரூபே ஒண்ணும் பண்ணலயா? அதுக்குத்தான் ஷீட்ல மூணு துண்டுக்கும் தனித்தனியா சரிக்கட்டின ஷாட் பங்கு, எக்ஸ்ஜி பங்கு, 60 நிமிஷத்துக்கு விட்டுக்குடுத்த எக்ஸ்ஜி மூணும் போட்டுப் பாக்கணும். முதல் துண்டுலேர்ந்து ரெண்டாவதுக்கு மாறினது கோச் கணக்குல வரலாம், ரெண்டாவதுலேர்ந்து மூணாவதுக்கு தடுத்த சதவீதம் மட்டும் எகிறியிருந்தா அது கோலி கணக்கு, எக்ஸ்ஜியும் சேர்ந்து ஏறியிருந்தா திட்டம் ஊறி வர நேரம் எடுத்திருக்குன்னு வாதாடலாம். நீங்களே தேதி போட்டு வெட்டிப் பாருங்க, இந்த ஒரு பயிற்சியே பாதி வித்தையைச் சொல்லிக்குடுத்துடும்.

தலைகீழ் உதாரணம் 2014-15 டொராண்டோ. ரேண்டி கார்லைலை ஜனவரி 6-ம் தேதி நீக்கினப்ப டீம் 21-16-3, பிளேஆஃப் இடத்துல இருந்துச்சு. ஆனா ஷாட் பங்குல ரொம்ப நாளா லீக்ல அடிமட்டம். பீட்டர் ஹோராசெக் வந்தாரு, ஆரம்ப வாரங்கள்ல ஷாட் பங்கு நிஜமாவே ஏறுச்சு, எதிரணி ஷாட் குறைஞ்சுது, ஆனா அடிச்சது எதுவும் உள்ள போகல, 11 மேட்ச் ஒரு வெற்றி கூட இல்லாம போச்சு. அப்புறம் பிப்ரவரியில கோடி ஃப்ரான்சன், மைக் சான்டொரெல்லி, டேனியல் வின்னிக், டேவிட் கிளார்க்சன்னு வரிசையா ஆளுங்களை அனுப்பிட்டாங்க. ஹோராசெக் கணக்கு 9-28-5. அந்த நம்பரை மட்டும் பாத்து அவரை எடைபோடறது அநியாயம், பிப்ரவரி நடுவுல ஒரு கோடு போட்டு முன்ன பின்ன பிரிச்சுதான் பேசணும்.

இன்னொண்ணும் ஞாபகம் வைங்க. கோச்சை நீக்கறது பெரும்பாலும் பிடிஓ தரையில கிடக்கறப்பதான். அது தானாவே 100 பக்கம் ஏறும், யார் வந்தாலும் ஏறும். புது கோச் வந்ததும் டீம் ஜெயிக்க ஆரம்பிச்சா முதல்ல பிடிஓ வரியைப் பாருங்க, அப்புறம்தான் எக்ஸ்ஜி வரி.

11. கோச் கையில நேரா இருக்கற முடிவுகள்

மேல பாத்ததெல்லாம் விளைவு. இனி வர்றது கோச் தானே எடுக்கற முடிவு, அதனால அதிர்ஷ்டம் கலக்கறது கம்மி.

யாருக்கு எவ்வளவு நேரம்: ஒவ்வொரு ஆளும் ஐஸ்ல இருக்கறப்ப எக்ஸ்ஜி பங்கு என்ன, அவருக்கு 5க்கு 5ல எத்தனை நிமிஷம் குடுக்கறாருன்னு ரெண்டு பத்தி போட்டு வரிசைப்படுத்துங்க. 43% இருக்கற அனுபவசாலிக்கு 18 நிமிஷம், 54% இருக்கற இளசுக்கு 10 நிமிஷம்னு பல வாரம் ஓடினா அதுக்கு கோச்தான் பதில் சொல்லணும். ஆனா முதல்ல அந்த அனுபவசாலி யாருக்கு எதிரா இறங்கறாரு, யாரோட சேர்ந்து இறங்கறாருன்னு பாத்துடுங்க. ஃபேஸ்-ஆஃப் (நடுவர் பக்கைப் போட்டு ஆட்டத்தை ஆரம்பிக்கறது) எந்த முனையிலங்கறதும் பாக்கலாம், ஆனா பெரும்பாலான ஷிஃப்ட் (ஒரு ஆள் ஒரு தடவை ஐஸ்ல இறங்கி ஆடறது) ஆட்டம் ஓடறப்பவே மாறி இறங்கறதுங்கறதால அதுக்கு ரொம்ப எடை குடுக்காதீங்க.

முன்னாடி இருக்கறப்ப எப்படி: சமமா இருக்கறப்ப விட்டுக்குடுக்கற எக்ஸ்ஜி, ஒரு கோல் முன்னாடி இருக்கறப்ப விட்டுக்குடுக்கற எக்ஸ்ஜி, ரெண்டையும் எடுத்து லீக் சராசரியோட ஒப்பிடுங்க. எல்லா டீமும் பின்வாங்கும், சராசரியைவிட அதிகமா பின்வாங்கறதுதான் கேள்வி.

கோலியை எப்போ எடுக்கறாரு (கோலியை வெளிய கூப்பிட்டு, பதிலா கோல் அடிக்க ஒரு ஆளைக் கூடுதலா இறக்கறது): ஒரு கோல் பின்னாடி இருக்கறப்ப கடைசி ஒரு நிமிஷம் வரைக்கும் காத்திருக்கறது பழைய பழக்கம், அதுக்கு முன்னாடியே எடுக்கறதுதான் கணக்குப்படி லாபம். ருவாவைப் பத்தி மேல ஷாட் பங்கு மோசம்னு சொன்னேன், இந்த விஷயத்துல அவர் மத்தவங்களுக்கு முன்னாடி போனவரு. 2014 பிளேஆஃப்ல மினசோட்டாவோட முதல் மேட்ச்ல சீக்கிரமே கோலியை எடுத்தாரு, கடைசி 13 செகண்ட் பக்கத்துல பால் ஸ்டாஸ்ட்னி சமன் பண்ணி, ஓவர்டைம்ல அவரே ஜெயிச்சும் குடுத்தாரு. ஒரே கோச்சுக்கு ஒரு வரியில பாஸ், இன்னொரு வரியில ஃபெயில்னு எழுத வேண்டி வரும், தயங்காம எழுதுங்க.

சேலஞ்ச் (நடுவர் தீர்ப்பை வீடியோல மறுபடி பாக்கச் சொல்லி கோச் கேக்கறது): 2019-20லேர்ந்து தோத்த சேலஞ்ச் எல்லாத்துக்கும் பெனால்டி. எத்தனை கேட்டாரு, எத்தனை ஜெயிச்சாருன்னு ஒரு வரி போதும்.

12. தீர்ப்பை எழுதறது

ஷீட் அடியில நாலு வரி எழுதுங்க: டீமோட சரிக்கட்டின எக்ஸ்ஜி பங்கு என்ன, பிடிஓவும் கோலியும் சேர்ந்து எத்தனை பாயின்ட் கூட்டினாங்க இல்ல குறைச்சாங்க, ஆள் மாறினதால என்ன ஆச்சு, கோச் முடிவுகள்ல எது தப்பு எது சரி. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல எந்தத் தேதிலேர்ந்து எந்தத் தேதி வரைக்கும்னு போடுங்க, தேதி இல்லாத நம்பரை அப்புறம் சரிபாக்கவே முடியாது.

அஞ்சாவது வரியா அடுத்த 20 மேட்ச் எப்படி போகும்னு ஒரு கணிப்பு எழுதி வைங்க, "பிடிஓ 103லேர்ந்து இறங்கும், பாயின்ட் குறையும், எக்ஸ்ஜி மாறாது" இந்த மாதிரி. 20 மேட்ச் முடிஞ்சதும் அதே ஃபில்டரைப் போட்டு புது டேப்ல எடுங்க, பழைய டேப்பை அழிக்காதீங்க. கணிப்பு தப்பாச்சுன்னா முதல்ல 9-வது படிக்குத் திரும்பிப் போங்க, பெரும்பாலும் ஒரு காயமோ ஒரு டிரேடோ ஷீட்ல ஏறாம விட்டுப்போயிருக்கும்.